ஏழு நிமிட ஓட்டமும் ஏழு மாதப் பயிற்சியும்

திருமானூர் கடைத்தெருவில் அதிகாலை நான்கரை மணிக்கு டீக்கடை அடுப்பு மட்டும்தான் எரிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் கொள்ளிடப் பாலத்தை நோக்கி நாலைந்து பேர் மூச்சிரைக்க ஓடும் சத்தம் கேட்டால், கடைக்காரர் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுகிற பிள்ளைகள். பாலத்தில் ஏறி, எதிரே வரும் கரும்பு வண்டிக்கும் சிமென்ட் லாரிக்கும் ஒதுங்கி, அக்கரையில் விளாங்குடிப் பக்கம் தொட்டுவிட்டுத் திரும்புவார்கள். கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும்போது மணலில் இறங்கி ஓடுவதும் உண்டு. மணலில் கால் புதையப் புதைய ஓடிப் பழகியவனுக்குக் கெட்டித் தரையில் கால் தானாகப் போகும் என்பது அவர்கள் கணக்கு. ஒருவன் கையில் செல்போன். அதில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1,500 மீட்டர், ஏழு நிமிடம்.

இந்த ஏழு நிமிடம் எவ்வளவு பெரியது என்பது இந்த வட்டாரத்தின் வேலை நிலவரம் தெரிந்தவர்களுக்கு விளங்கும். திருச்சியிலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. பெரம்பலூரிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்து, அடுத்த ஆண்டே மறுபடியும் அதனோடு சேர்ந்து, 2007 நவம்பர் 23 அன்று திரும்பவும் தனி மாவட்டமானது. மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், மண்ணுக்கு மேலே சிமென்ட் ஆலைகள். கொள்ளிடக் கரையில் நெல்லும் கரும்பும், மேட்டு நிலத்தில் மக்காச்சோளமும் முந்திரியும். நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வயலில் கிடைப்பது பருவ வேலை. ஆலையைச் சுற்றிக் கிடைப்பது ஒப்பந்தக்காரர் கூப்பிடும் நாளில் வேலை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை மட்டும் கேட்டு, ரூ.18,200 அடிப்படைச் சம்பளத்தில் நிரந்தர அரசு வேலை தரும் கதவுகள் அதிகம் இல்லை. இரண்டாம் நிலைக் காவலர் பணி அவற்றில் ஒன்று. அதனால்தான் ஒரு வீட்டில் பையன் ஓட ஆரம்பித்தால் அம்மா தனியாக முட்டை அவித்து வைக்கிறார்.

பிள்ளைகள் வருடக்கணக்கில் உடம்பைத் தயார் செய்கிறார்கள். தேர்வானவர்களை ஏழு மாதம் பயிற்சிப் பள்ளியில் வைத்து அரசு காவலர் ஆக்குகிறது. பிறகு அவர்கள் நம் ஊர் ஸ்டேஷனுக்கு வருகிறார்கள். நாம் மனுவோடு அவர்கள் முன்னால் போய் நிற்கிறோம். தேர்வில் எதை அளக்கிறோம், பயிற்சியில் எதைக் கற்றுத் தருகிறோம், ஸ்டேஷன் மேஜையில் எது தேவைப்படுகிறது? இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று பொருந்துகின்றனவா என்பதே இங்கே பார்க்க வேண்டிய கேள்வி.

கொஞ்சம் பழைய கதை. அரியலூரும் உடையார்பாளையமும் பாளையங்களாக இருந்தவை. பாளையக்காரர்கள் காலத்தில் காவல் என்பது ஊர் கொடுக்கும் காவல் கூலிக்கு ஈடான பொறுப்பு. கும்பினி ஆட்சி அந்த உரிமையைப் பிடுங்கியது. 1816-இல் ஊர் மணியக்காரரையே கிராம போலீசின் தலைவராக்கியது. அவருக்குக் கீழே தலையாரி. அவர்களுக்குப் பயிற்சி என்று ஒன்றும் இல்லை. ஊரைத் தெரிந்திருப்பதே தகுதி. 1859-இல் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தபோதுதான் சீருடை, சம்பளம், கவாத்து என்று இன்றைய வடிவம் பிறந்தது. 1857 கலகத்தின் சூடு ஆறாத காலம் அது. வேண்டியது அடக்கி வைக்கும் படை; பயிற்சியும் அதற்கேற்ப ராணுவ அச்சில் வார்க்கப்பட்டது. அந்தச் சட்டம் பெயர் மாறி, திருத்தம் பெற்று, இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. 1902-03-இல் ஆண்ட்ரூ பிரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷன், பயிற்சி போதாது, அதற்கெனப் பள்ளிகள் வேண்டும் என்று எழுதி வைத்தது. நெடுங்காலம் வேலூர்க் கோட்டைக்குள்தான் இந்த மாகாணத்தின் போலீஸ் பயிற்சி நடந்தது. சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே கோட்டை.

இப்போது தேர்வு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 1991-இல் அமைந்தது. இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக்காவலர், தீயணைப்பாளர் என்று மூன்று பணிக்கும் ஒரே தேர்வை அது நடத்துகிறது. 2022 அறிவிப்பில் 3,552 இடங்கள், 2023-இல் 3,359, 2025-இல் 3,644. வயது 18 முதல் 26. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28 வரை, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் திருநங்கையருக்கும் 31 வரை, ஆதரவற்ற விதவையருக்கு 37 வரை.

முதலில் எழுத்துத் தேர்வு. அதன் முதல் பகுதி தமிழ்த் தகுதித் தேர்வு: 80 கேள்வி, 80 மதிப்பெண். நாற்பது சதவீதம், அதாவது 32 வாங்கினால்தான் அடுத்த விடைத்தாளையே திருத்துவார்கள். இரண்டாம் பகுதி 70 மதிப்பெண். பொது அறிவு 45, உளவியல் 25. மைதானத்துக்கு 24. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத் தலா 2 வீதம் 6. ஆக நூறு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு. திருமானூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடும் தமிழ்த் தாளும் பெரிய கைகொடுப்பு. ஓடுவதிலும் பாரில் புல்லப்ஸ் எடுப்பதிலுமே நாளைக் கழிக்கும் பையன்களில் பலர் இந்தக் கணக்கைச் சரியாகப் பார்ப்பதில்லை. நூற்றில் எழுபது பேனாவுக்கு.

ஆனால் மைதானம் பலரைக் கழித்துக் கட்டுகிறது என்பதும் உண்மை. உயரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, 157. இந்திய ஆணின் சராசரி உயரமே ஏறத்தாழ 165, பெண்ணின் சராசரி 152 அளவில்தான். ஆக ஊரில் பாதிக்கு மேற்பட்ட இளைஞர்களை, அவர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக, எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், அளவுகோல் முதலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. படுத்து எழுந்ததும் முதுகெலும்பு தளர்ந்து மனிதன் ஒரு சென்டிமீட்டர் வரை உயரமாக இருப்பான். நின்று நடக்க நடக்க அது குறையும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, மைதானத்து வாசலில் துண்டை விரித்து முறை வரும்வரை மல்லாந்து படுத்திருக்கும் பையன்களைப் பார்த்தால் சிரிப்பு வராது. 169.5-இல் திரும்பி வருகிறவனின் முகத்தை வீட்டில் யாரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். அது அவன் தவறில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் வார்த்தை கிடைக்காது. மார்பு சாதாரணமாக 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்து விரித்தால் இன்னும் 5 சென்டிமீட்டர்.

அடுத்தது ஓட்டம். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நூறு மீட்டரும் 28 விநாடிக்குள் போக வேண்டும். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். இது தேறினால் போதும் என்ற வகை, மதிப்பெண் இல்லை. ஆண்களுக்கு மதிப்பெண் அடுத்த மூன்றில், நட்சத்திரக் கணக்கில்: கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். ஐந்து மீட்டர் கயிறு ஏறினால் ஒரு நட்சத்திரம், ஆறு மீட்டருக்கு இரண்டு. நீளம் தாண்டுதல் 3.80 மீட்டர், 4.50 மீட்டர். நூறு மீட்டர் 15 விநாடி, 13.5 விநாடி. பெண்களுக்குக் கயிறு இல்லை. குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல்.

கயிறுதான் கிராமத்துப் பிள்ளைகளைப் படுத்துகிறது. தென்னை ஏறத் தெரிந்தவனுக்குக் கயிறு ஏறத் தெரிந்துவிடாது. மரம் அசையாது, கயிறு அசையும். உள்ளங்கையால் இழுத்து ஏறப் பார்த்தால் மூன்றாவது மீட்டரிலேயே தோள் விட்டுவிடும். வலக்காலின் வெளிப்புறமாகக் கயிற்றைச் சுற்றவிட்டு, இடப்பாதத்தால் அதை மிதித்துப் பூட்டி, அந்தப் பூட்டின் மேல் எழுந்து நின்றுதான் அடுத்த பிடியைப் பிடிக்க வேண்டும். இந்தப் பூட்டைக் கற்றுத்தர ஒருவர் வேண்டும். புளியங்கிளையில் மாட்டுக் கயிற்றைக் கட்டித் தாங்களாகவே பழகும் பையன்கள் உள்ளங்கைத் தோல் உரிந்து, மஞ்சள் பூசிக்கொண்டு மறுநாளும் வருகிறார்கள். ஏற்கெனவே தேர்வாகிப் போன அண்ணன் யாராவது லீவில் ஊருக்கு வந்தால் அன்றைக்குத்தான் அவர்களுக்கு வகுப்பு.

ஓடியும் ஏறியும் எழுதியும் தேறியவனுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அதைப் பற்றி ஊரில் போதுமான அளவு பேசுவதே இல்லை. அதுதான் நடத்தைச் சரிபார்ப்பு. விண்ணப்பதாரர் மீது வழக்கு ஏதும் உண்டா என்று உள்ளூர் ஸ்டேஷனில் விசாரிப்பார்கள். திருவிழாவில் சாமி தூக்குவதில் தகராறு, வாய்க்கால் மடையில் கைகலப்பு, கபடிப் போட்டியில் அடிதடி. இப்படி எதிலாவது 'மற்றும் பலர்' பட்டியலில் பெயர் சேர்ந்திருந்தால் கதை முடிந்தது. நீதிமன்றம் விடுதலை செய்திருந்தாலும், அது சந்தேகத்தின் பலனை அளித்த விடுதலையாக இருந்தால், அவர் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்று பணி விதி சொல்கிறது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, மணிகண்டன் வழக்கில், இந்த விதியை உறுதி செய்தது. வழக்கை மறைத்தால் அதுவே தனிக் காரணமாகி வேலை போகும். காவல்துறைக்குள் குற்றப் பின்னணி உள்ளவர் நுழையக் கூடாது என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஊர்ச் சண்டையில் எதிர்க்கட்சிக்காரன் வேண்டுமென்றே படித்த பையன் பெயரைப் புகாரில் சேர்ப்பது கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஆயுதம். விதி இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். வாய்த் தகராறு ஒன்றில் கோபத்துக்கு எழுதித் தரும் நான்கு பெயர் நான்கு பிள்ளைகளின் சோற்றில் மண்ணைப் போட்டுவிடும்.

இவ்வளவையும் தாண்டியவர் பெட்டியோடு பயிற்சிப் பள்ளிக்குப் போகிறார். திருச்சியை அடுத்த நவல்பட்டு, தூத்துக்குடி மாவட்டத்துப் பேரூரணி, வேலூர், விழுப்புரம், கோவை, சேலம் என்று மாநிலத்தில் காவலர் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. உதவி ஆய்வாளர்களும் டி.எஸ்.பி.க்களும் வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ள காவலர் உயர் பயிற்சியகத்தில் பயில்கிறார்கள். ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு ஐதராபாத்தில் சர்தார் வல்லபபாய் படேல் அகாடமி. 1948-இல் மவுண்ட் அபுவில் தொடங்கி 1975-இல் ஐதராபாத்துக்கு வந்தது. உதவி ஆய்வாளருக்கு ஓராண்டு. காவலருக்கு ஏழு மாத அடிப்படைப் பயிற்சியும் அதையடுத்து ஏறத்தாழ ஒரு மாதச் செயல்முறைப் பயிற்சியும்.

விடியலுக்கு முன்பே ரோல்கால். பிறகு உடற்பயிற்சி, கவாத்து. காலை உணவுக்குப் பின் சட்ட வகுப்பு. மாலையில் மீண்டும் மைதானம், இரவு ரோல்கால். துப்பாக்கியைப் பிரித்துச் சேர்ப்பது, குறிபார்த்துச் சுடுவது, லத்தி பிடிப்பது, கூட்டத்தைக் கலைப்பது, யோகா, தற்காப்புக் கலை, முதலுதவி, கணினி என்று பாடத்திட்டம் நிறையத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பள்ளிகளின் உண்மையான மொழி கவாத்துதான். நூறு பேர் ஒரே குரலுக்கு ஒரே காலை எடுத்து வைப்பது. தப்புக் கால் வைத்தால் 'எக்ஸ்ட்ரா டிரில்'. 2022-இல் வெளிவந்த 'டாணாக்காரன்' படம் இந்த மைதானத்தைத்தான் கதைக்களமாக எடுத்துக்கொண்டது. அதை இயக்கிய தமிழ், காவல்துறையில் வேலை பார்த்தவர். தண்டனைக் கவாத்தில் மனிதன் எப்படி உடைக்கப்படுகிறான் என்று உள்ளே இருந்து பார்த்தவரின் படம் அது. ஸ்டேஷனைக் குறிக்கும் 'தாணா' என்ற இந்திச் சொல்லிலிருந்து நம் ஊரில் போலீஸ்காரருக்குக் கிடைத்த பழைய பெயர்தான் 'டாணாக்காரன்'.

கவாத்து வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. திருவிழாப் பந்தோபஸ்தில் பல்லாயிரம் பேர் நெரிசலில் முப்பது காவலர் ஒரே சொல்லுக்கு நகர வேண்டியிருக்கும். கொள்ளிடத்தில் வெள்ளம் திறந்துவிட்டால் இரவோடு இரவாகக் கரையோர மக்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது கவாத்து கற்றுத்தந்த ஒழுங்கு உயிர் காக்கும். ஆனால் ஒருவனை ஏழு மாதம் 'ஏன்' என்று கேட்காமல் கீழ்ப்படியப் பழக்கிவிட்டு, எட்டாவது மாதம் அவனிடம் பொதுமக்களின் 'ஏன்' என்ற கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல் என்றால் எப்படி வரும்?

சட்டப் பாடமும் இப்போது புரண்டு கிடக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அவ்வாறே. சினிமா பார்த்தே மனப்பாடமான 302 இப்போது 103. 420 இப்போது 318. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் புதிதாகப் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சிரமம் குறைவு. முப்பது வருடம் பழைய எண்ணில் எழுதிய ஏட்டுதான் இரவில் கையேட்டைப் புரட்டுகிறார்.

எண்களை விடப் பெரிய விஷயம் நடைமுறையில் இருக்கிறது. திருமானூர் பாலத்தின் வடகரை அரியலூர் மாவட்டம், தென்கரை தஞ்சாவூர் மாவட்டம். நடுப்பாலத்தில் ஒரு பெண்ணின் சங்கிலியைப் பறித்துக்கொண்டு பைக்கில் ஒருவன் போய்விட்டான் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண் எந்த ஸ்டேஷனுக்குப் போவார்? 'அது எங்க லிமிட் இல்லம்மா' என்ற பதிலைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். எல்லை எதுவாக இருந்தாலும் வந்த இடத்திலேயே தகவலைப் பதிய வேண்டும், பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்பலாம் என்பது புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு. 'ஜீரோ எப்.ஐ.ஆர்.' என்று சொல்வது இதைத்தான். இந்த ஒரு பிரிவை நூறு வரிக் குறிப்பாகச் சொல்லிக் கொடுப்பதை விட, அழுதுகொண்டு வரும் ஒரு பெண்ணை எதிரே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, படித்துக் காட்டி, நகலைக் கையில் கொடுப்பதை நடித்துக் காட்டிப் பழக்கலாம். இப்படிப் பத்து வகுப்பு எடுத்தால் திருமானூர் மக்களுக்கு அது பத்து நாள் பரேடை விடப் பயன்படும்.

பெண்கள் இந்தத் துறைக்குள் வந்த கதை நம்பிக்கை தருவது. 1973-இல் ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர் என்று தமிழ்நாட்டில் பெண் போலீஸ் தொடங்கியது. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி, திருநங்கை என்ற காரணத்தால் விண்ணப்பமே மறுக்கப்பட்டு, 2015-இல் உயர் நீதிமன்றத்தில் வென்று, 2017-இல் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். இன்று காவலர் தேர்வு விண்ணப்பத்தில் திருநங்கையருக்கு இடமிருக்கிறது என்றால் அது அவர் போட்ட வழி. திருமானூர்ப் பக்கம் விடியலில் ஓடும் பெண் பிள்ளைகள் இன்னும் குறைவு. ஓட ஆசையில்லாமல் இல்லை. இருட்டில் தனியாக நெடுஞ்சாலையில் ஓட எந்த வீட்டில் அனுப்புவார்கள்?

பயிற்சி முடிந்து, அணிவகுப்பில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அம்மாவோடு போட்டோ எடுத்துக்கொண்ட பின் என்ன நடக்கிறது? வெளியில் பலருக்குத் தெரியாத செய்தி இது. அந்தப் புதிய காவலர் நேராக ஸ்டேஷனுக்கு வருவதில்லை. மாவட்ட ஆயுதப்படைக்கோ தமிழ்நாடு சிறப்புக் காவல்படை பட்டாலியனுக்கோ போகிறார். அங்கே பாரா, பந்தோபஸ்து, கைதி வழிக்காவல், முக்கியப் புள்ளிகளின் பாதுகாப்பு. தாலுகா ஸ்டேஷனுக்கு மாறுதல் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். பள்ளியில் படித்த சட்டம், வாக்குமூலம் எழுதும் முறை, விசாரணை விதிகள் எல்லாம் அதற்குள் மறந்துவிடும். ஸ்டேஷனுக்கு வந்ததும் அவருக்கு ஆசிரியர் ரைட்டரும் மூத்த ஏட்டும்தான். அவர்கள் நல்லவர்களாக அமைந்தால் நல்ல போலீஸ். அமையாவிட்டால் கெட்ட பழக்கம் முதல் மாதத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பயிற்சி முடித்த காவலர்களை அதிகாரிகள் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறை 1979-இலேயே ஒழிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். 2022-இல் உயர் நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு அதை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. மக்கள் வரிப்பணத்தில் ஏழு மாதம் பயிற்சி பெற்ற ஒரு கை காய்கறிப் பை தூக்குவது அந்தக் காவலருக்கும் அவமானம், ஊருக்கும் நஷ்டம்.

இந்தப் பயிற்சிக் குறை எங்கே போய் முட்டும் என்பதற்கு 2020 ஜூன் மாதத்துச் சாத்தான்குளம் சாட்சி. ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்று அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். 2025 ஜூன் மாதம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகைத் திருட்டுப் புகாரில் விசாரிக்கப்பட்டபோது இறந்தார். காவலர்களே கைது செய்யப்பட்டார்கள். கைது செய்யும்போது என்ன செய்ய வேண்டும், உறவினருக்கு எப்போது சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை எப்போது என்று உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் வரிசைப்படுத்தியது 1996-இல். அதற்குப் பின் பயிற்சி பெற்ற எல்லோரும் அதைப் படித்திருக்கிறார்கள். ஆகவே பாடம் இல்லாதது குறையில்லை. படித்ததை மேலதிகாரி முன்னால் நின்று சொல்லும் துணிவைப் பழக்காததே குறை. சாத்தான்குளத்தில் அன்றிரவு பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, கண்ட உண்மையை நீதித்துறை நடுவரிடம் சொன்னார். அந்த ஒரு வாக்குமூலத்தின் கனத்தைப் பயிற்சிப் பள்ளிகளில் ஒரு முழு நாள் வகுப்பாக எடுக்க வேண்டும். தவறான உத்தரவுக்கு 'முடியாது, சார்' என்று சொல்வதும் காவலரின் கடமை என்று எந்தக் கவாத்து மைதானம் கற்றுத் தருகிறது?

மறுபக்கத்தையும் பார்க்காமல் எழுதினால் நியாயமாகாது. 2021 நவம்பர் 21 விடியற்காலையில் நவல்பட்டு ஸ்டேஷன் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிப் போனவர்களை பைக்கில் துரத்திக் கீரனூர்ப் பக்கம் வரை போய் மடக்கினார். அங்கே தனியாக நின்ற அவரை வெட்டிக் கொன்றார்கள். காவலர்களுக்குப் பயிற்சி தரும் அதே நவல்பட்டு. பத்தாண்டில் முதல் நிலைக் காவலர், பிறகு தலைமைக் காவலர், ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கடந்து சிறப்பு உதவி ஆய்வாளர் என்று படிப்படியாக மேலே வருகிறவர்கள்தான் இந்தப் பதவியில் இருப்பவர்கள். ராத்திரி ரோந்தில் துணை இல்லாமல் துரத்தக் கூடாது, வயர்லெஸ்ஸில் சொல்லி வழிமறிக்க வேண்டும் என்பது போன்ற பாதுகாப்புப் பாடம் இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒருமுறை படித்ததோடு நின்றுவிடக் கூடாது. காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு என்ற ஆணையே 2021 நவம்பரில்தான் வந்தது. தூக்கமில்லாத மனிதனுக்கு எந்தப் பயிற்சியும் தங்காது.

வெளியே எப்படி? அமெரிக்காவில் அடிப்படைப் பயிற்சி சராசரியாக 800 மணி நேரத்துக்குச் சற்று மேல். பிறகு மூத்த அதிகாரி ஒருவரோடு வாரக்கணக்கில் வண்டியில் சுற்றிப் பழக வேண்டும். அந்த 800 மணி நேரம் போதாது என்று அங்கேயே சண்டை நடக்கிறது. நார்வேயில் போலீஸ் ஆக மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. ஜெர்மனியிலும் இரண்டரை முதல் மூன்று ஆண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம்; பக்கத்துக் கேரளத்தில் காவலருக்கு ஒன்பது மாதம். 2008-இல் அங்கே தொடங்கிய 'ஜனமைத்ரி' திட்டத்தில் பீட் காவலர் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைத் தெரிந்துகொள்கிறார். நம்மிடமும் அப்படியொரு விதை இருந்தது. 1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள் குழு', பொதுமக்களை ஸ்டேஷனோடு இணைக்கப் பார்த்தது. பயிற்சியும் கண்காணிப்பும் இல்லாமல் பரப்பியதில் அது நீர்த்து, சாத்தான்குளத்துக்குப் பிறகு நிறுத்தப்பட்டது.

காலத்தை நீட்டினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதே இவற்றையெல்லாம் பார்த்தபின் தோன்றுவது. கவாத்தையே பன்னிரண்டு மாதம் நீட்டினால் பன்னிரண்டு மாதக் கவாத்துதான் கிடைக்கும். செய்ய வேண்டியது வேறு. ஒரு மாதச் செயல்முறைப் பயிற்சியை மூன்று மாதமாக்கி, பொறுக்கியெடுத்த நல்ல ஸ்டேஷன்களில், பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட்ட ஒரு மூத்த காவலரின் கீழ் புதியவரை வைக்க வேண்டும். ஆயுதப்படையிலிருந்து ஸ்டேஷனுக்கு மாறும் நாளில், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், சட்டமும் விசாரணையும் புகார் வாங்கும் முறையும் மறுபடி படித்துவிட்டுத்தான் மேஜையில் உட்கார வேண்டும். உயரத்தில் அரை சென்டிமீட்டர் குறைந்தவனைத் திருப்பி அனுப்பும் கண்டிப்பில் கால்பங்காவது இந்தப் படிப்பில் காட்டினால் போதும்.

ஊர் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒரு பள்ளி மைதானம் காலை ஐந்து மணிக்குத் திறந்து விளக்குப் போடப்பட்டால், பிள்ளைகள் லாரி ஓடும் பாலத்தில் ஓட வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளும் வருவார்கள். ஆறு மீட்டர் கம்பத்தில் ஒரு கயிறு, ஒரு மணற்குழி, சுண்ணாம்பில் போட்ட 400 மீட்டர் தடம். சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. சிமென்ட் ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலும் ஒன்றியப் பொது நிதியிலும் இது ஒரு மாத வேலை. ஓய்வுபெற்ற ஏட்டையாக்களும் எஸ்.ஐ.க்களும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை வந்து, ஒரு எப்.ஐ.ஆர். எப்படி எழுதப்படுகிறது, ஒரு மனுவை எப்படி வாசிப்பது என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தேர்வில் தோற்றவனுக்கும் அது வீண் போகாது. அடுத்த முறை ஸ்டேஷனுக்கு மனு கொண்டு போகும் ஊர்க்காரருக்கு அவனே எழுதித் தருவான்.

ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. கடந்த தேர்வுகளில் விண்ணப்பக் கட்டணம் ரூ.250 மட்டுமே, விண்ணப்பம் இணையத்தில் மட்டுமே. இதற்கு மேல் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தமிழ்வழிச் சான்றிதழைப் பள்ளியில் இப்போதே வாங்கி வையுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று உண்டு. எழுத்துத் தேர்வுக்கான வகுப்புகள் அங்கே நடக்கின்றன. அரியலூரில் இருக்கும் மையத்துக்குத் திருமானூரிலிருந்து நேர் பஸ் போகிறது. வகுப்புக்குக் கட்டணம் கிடையாது.